காதில் மாட்டாத கண்ணாடி: எந்த வகையை வாங்கலாம்?

எனக்கு 41 வயதில் இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி வந்தது. காதுமடலுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய குழாய் வழியாக உள்ளே ஒலியை அனுப்பும் வகை. அடுத்த இரண்டு வருடத்தில் வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்தது. பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் அச்சுப் பிரதியும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். தாளைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், நிமிர்ந்து ஆளைப் பார்க்க அதே கண்ணாடி வேண்டாம். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கம்பி கேட்கும் கருவியை நெம்பித் தூக்கும், கருவி வீல் என்று கத்தும். மாலைக்குள் இரண்டு காதுமடலின் பின்புறமும் சிவந்து எரியும்.

காதே தேவைப்படாத கண்ணாடி ஒன்று முன்பு இருந்தது. தாகூரின் பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள்: மூக்கின் மேல் இரண்டு வட்ட லென்ஸ், ஓரத்திலிருந்து தொங்கும் கறுப்புக் கயிறு, காதுப் பக்கம் ஒன்றுமே இருக்காது. பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'பான்ஸ்-நே', அதாவது மூக்கைக் கிள்ளுவது. நம் மொழியில் எல்லாக் கண்ணாடிக்கும் மூக்குக் கண்ணாடி என்றே பெயர் இருப்பதால் இதைத் தனித்துச் சொல்ல வார்த்தை இல்லாமல் போயிற்று. மூக்கைக் கவ்வி நிற்பதால் நான் கவ்வுக் கண்ணாடி என்கிறேன்.

இன்று இதைத் தேடுகிறவர்கள் பலவிதம். பழைய பொருள்மேல் ஆசை உள்ளவர்கள், நாடகத்துக்கு வேண்டியவர்கள், என்னைப் போலக் காதில் கருவி உள்ளவர்கள், காதுக்குப் பின்னால் தோல் வியாதியோ அறுவை சிகிச்சைத் தழும்போ உள்ளவர்கள், ஒருக்களித்துப் படுத்துப் படிக்கிறவர்கள். நாடகத்துக்கு எந்த வகையும் சரி. ஆனால் நிஜமாகவே போட்டுக்கொண்டு படிக்க வேண்டும் என்றால் எதை வாங்குகிறோம் என்பது மிகவும் முக்கியம். இந்த வகைகளை நான்கு வருடமாக வாங்கியும் இரவல் வாங்கியும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஏமாந்தும் இருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பவர் சீட்டு

கவ்வுக் கண்ணாடி வாங்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு படத்தைப் பார்த்து மயங்குவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். படத்தை ஒதுக்கிவிட்டு, கண் பரிசோதனை செய்தபோது கொடுத்த சீட்டை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் மூன்று கட்டம் இருக்கும்: ஸ்பியர் (எல்லாத் திசையிலும் ஒரே அளவான பவர்), சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்), ஆக்சிஸ் (அந்தத் திசை). சிலிண்டர் கட்டம் காலியாகவோ 0.50-க்குள்ளாகவோ இருந்தால் உங்களுக்கு எல்லா வகையும் திறந்திருக்கிறது. 0.75-ஐத் தாண்டினால் பாதி வகைகளை இப்போதே விட்டுவிடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். வெறும் ஸ்பியர் பவர் உள்ள லென்ஸை ஃபிரேமுக்குள் எப்படிச் சுழற்றினாலும் பவர் மாறாது. சிலிண்டர் அப்படி இல்லை. அதற்கு ஒரு திசை உண்டு, அந்தத் திசையைத்தான் ஆக்சிஸ் என்று டிகிரியில் எழுதுகிறார்கள். லென்ஸ் அந்தத் திசையிலிருந்து 10 டிகிரி திரும்பினால் சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. 30 டிகிரி திரும்பினால் லென்ஸ் போட்டும் போடாத அளவுக்கே கலங்கல் மிச்சம் இருக்கும், அதுவும் வேறு திசையில். காதுக் கம்பி உள்ள கண்ணாடியில் இந்தக் கவலை இல்லை. இரண்டு காதும் மூக்குமாக மூன்று இடத்தில் ஃபிரேம் நிற்பதால் லென்ஸ் திரும்ப வழியில்லை. கவ்வுக் கண்ணாடிக்குப் பிடிமானம் மூக்கு மட்டும்தான். அதனால் இரண்டு லென்ஸையும் இணைக்கும் நடுப் பகுதி, அதாவது பிரிட்ஜ், எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

இன்னொரு எண்ணும் வேண்டும். அது பி.டி., இரண்டு கண்மணிகளின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60-ஐ ஒட்டிச் சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். படிக்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால் இது 3, 4 மில்லிமீட்டர் குறையும். படிக்கும் கண்ணாடிக்கு இந்தக் குறைந்த அளவுதான் தேவை. கடையில் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸின் மையமும் கண்ணின் மையமும் விலகினால் லென்ஸ் பட்டகம் மாதிரி ஒளியை வளைக்கும். எவ்வளவு வளைக்கும் என்பதற்குக் கணக்கு எளிது: பவரை, விலகிய சென்டிமீட்டரால் பெருக்க வேண்டும். +2 பவரில் 4 மில்லிமீட்டர் விலகினால் 0.8, பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். −5 பவரில் அதே 4 மில்லிமீட்டருக்கு 2 வந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் சேர்ந்தால் தலைவலி நிச்சயம். பவர் கூடக்கூட இந்தக் கண்ணாடியில் தவறுக்கு இடம் குறைகிறது.

சி-பிரிட்ஜ்

பழைய பொருள் விற்கும் தளங்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். நம் மனசில் இருக்கும் கவ்வுக் கண்ணாடியின் உருவமும் இதுவே. நடுவில் வளைந்த வில் மாதிரி ஒரு மெல்லிய உலோகத் துண்டு. அதுதான் பிரிட்ஜ், அதுவேதான் ஸ்பிரிங். இரண்டு கையாலும் லென்ஸ்களை விரித்து மூக்கில் வைத்து விட்டால் வில் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். கவ்வுக் கண்ணாடி 1840களில் தலைகாட்டி, 1880களுக்கு மேல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாகி, 20ஆம் நூற்றாண்டிலும் வெகுநாள் நீடித்தது. அந்தக் காலம் முழுக்கச் சாதாரண மக்கள் போட்டது பெரும்பாலும் சி-பிரிட்ஜ்தான்.

இதன் நல்ல குணங்கள் குறைவல்ல. எடையே தெரியாது. நுணுக்கமான சின்னப் பாகங்கள் கிடையாது. விலை குறைவு. மூக்கு அகலமானாலும் ஒடுங்கியதானாலும் வில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மூக்குப் பட்டையில் கார்க் வைத்த ஜோடி கிடைத்தால், வியர்வைக்கு அதைப்போல் பிடிப்பது வேறில்லை. ஆனால் நூறு வயதான கார்க் பொடிப்பொடியாக உதிரும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

குறை அந்த வில்லிலேயே இருக்கிறது. வில் விரியும்போது அதன் இரு கால்களும் சாய்கின்றன. கால்களோடு லென்ஸ்களும் சேர்ந்து திரும்புகின்றன. கையில் வைத்துப் பார்க்கும்போது நீள்வட்ட லென்ஸின் வெளிப்பக்கம் சற்றுத் தொங்கியிருக்கும், மூக்கில் ஏறியதும் நிமிரும். எவ்வளவு நிமிரும் என்பது உங்கள் மூக்கின் அகலத்தைப் பொறுத்தது. ஆக்சிஸும் லென்ஸ் மையங்களின் இடைவெளியும் அதனால் மாறிவிடும்.

என் வலது கண்ணில் சிலிண்டர் 1.25. இதெல்லாம் தெரியாமல் அழகான ஒரு சி-பிரிட்ஜை வாங்கி ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் ஃபிரேமை மேசையில் வைத்து, சீட்டில் இருந்த ஆக்சிஸை அப்படியே லென்ஸில் குறித்து வெட்டிக் கொடுத்தார். மூக்கில் ஏற்றியதும் லென்ஸ் திரும்பிவிட்டது. 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரிந்தன. பிழை திருத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. மூன்று நாள் தலைவலியோடு கழித்துவிட்டு வேறொரு கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்தவர் வயதானவர்.

"சார், இதுக்குக் கம்பி எங்க?" என்றார்.

"கம்பி கிடையாதுண்ணே. மூக்குலயே நிக்கும்" என்று போட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடி என் மூக்கில் இருக்கும்போதே மார்க்கர் பேனாவால் இரண்டு லென்ஸிலும் ஒரு கிடைக்கோடு போட்டார். கழற்றியதும் கோடு சாய்ந்துவிட்டது. கோணமானியை வைத்து அளந்தார், வலது பக்கம் ஏறத்தாழ 9 டிகிரி. "இதைக் கூட்டிக் கழிச்சு வெட்டலாம் சார். ஆனா தினம் ஒரே இடத்துல வெப்பீங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம் என்றுதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சிலிண்டர் இல்லாதவர்களுக்கு, வெறும் வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு, சி-பிரிட்ஜ் நல்ல தேர்வு. சிலிண்டர் உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

ஹார்ட் பிரிட்ஜ்

நான் இப்போது தினமும் போடுவது இது. 1890களில் வந்த வகை. அமெரிக்கன் ஆப்டிக்கல் என்ற மாசசூசெட்ஸ் நிறுவனம் 'ஃபிட்ஸ்-யூ' என்ற பெயரில் இதை ஏராளமாக விற்றது. ராச்செஸ்டரில் தயாரான 'ஷூர்-ஆன்' என்ற போட்டிப் பெயரும் பழைய ஜோடிகளில் அடிக்கடி தென்படும். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அணிந்ததும் இந்த வகையே.

இதில் பிரிட்ஜ் அசையவே அசையாது. கெட்டியான ஒரு வளைவு. லென்ஸ் இரண்டும் அதில் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். கவ்வும் வேலையைச் செய்வது பிரிட்ஜுக்கு இரு புறமும் உள்ள இரண்டு குட்டி நெம்புகோல்கள். ஒவ்வொன்றின் பின்முனையிலும் மூக்குப் பட்டை இருக்கும். முன்முனை விரலுக்கு அகப்படும்படி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சுருள் ஸ்பிரிங். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் முன்முனைகளைக் கிள்ளினால் பின்னால் பட்டைகள் விரியும், விட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். துணி காயப்போடும் கிளிப் தெரியும் அல்லவா, அதே வேலைதான்.

இதனால் கிடைக்கும் லாபம் இரண்டு. ஒன்று, லென்ஸ் திரும்புவதில்லை. பிரிட்ஜ் கிடையாக உட்கார்ந்தால் ஆக்சிஸ் சரியாகவே இருக்கும், லென்ஸ் மையங்களின் இடைவெளியும் மூக்கின் அகலத்தைப் பொறுத்து மாறாது. என் 1.25 சிலிண்டர் இதில் காதுக் கம்பிக் கண்ணாடிக்கு இணையாகத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது, ஒரு கை போதும். வலது கையில் பேனா, இடது கையில் கண்ணாடி. தாளிலிருந்து தலையை எடுக்காமலே கழற்றலாம், மாட்டலாம். ஒரு நாளில் நூறு முறை கழற்றி மாட்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் கேட்கும் கருவி இப்போது கத்துவதில்லை.

கஷ்டங்களும் உண்டு. சி-பிரிட்ஜ் மூக்குக்கேற்ப வளையும், இது வளையாது. உங்கள் மூக்கு இதற்குப் பொருந்த வேண்டும். அந்தக் காலத்தில் கடைக்காரர் பல அளவுகளைப் போட்டுப் பார்த்து, பட்டையின் சாய்வைக் குறடால் வளைத்துக் கொடுப்பார். இன்று நமக்குக் கிடைப்பது யாரோ ஒருவருடைய மூக்குக்கு நூறு வருடத்துக்கு முன்பு வளைத்த ஜோடி. இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு அளவு கேளுங்கள்: லென்ஸ் மையத்திலிருந்து மையம் வரை, ஓய்வாக இருக்கும்போது பட்டைக்கும் பட்டைக்கும் இடையே. முதல் அளவு உங்கள் படிக்கும் பி.டி.யிலிருந்து 2, 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பவர் கூடுதலானவர்களுக்கு அதற்கும் குறைவாக. ஃபிரேம் உள்ள வகையானால் புது லென்ஸின் மையத்தைக் கொஞ்சம் தள்ளி வெட்டச் சொல்லி மிச்ச வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம்.

கண்கள் இரண்டுக்கும் நடுவே மூக்குத் தண்டு மேடில்லாமல் தட்டையாக உள்ளவர்களுக்கு ஹார்ட் பிரிட்ஜ் நிற்பது கஷ்டம். அவர்களுக்குச் சி-பிரிட்ஜ் ஓரளவு நிற்கும். அப்புறம் அந்தச் சுருள் ஸ்பிரிங். அது உடைந்தால் மாற்றித் தருகிறவர் அபூர்வம். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனால் சில சமயம் முடியும். பட்டை விரிந்தபின் சட்டென்று திரும்பி வருகிறதா, இரண்டும் ஒரே வேகத்தில் வருகிறதா என்று வாங்குமுன் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

ஆஸ்டிக்

ஆங்கிலத்தில் பார் ஸ்பிரிங் என்றும் இங்கிலாந்துக் கடைகளில் ஆஸ்டிக் என்றும் சொல்வார்கள். சிலிண்டர் பவர் தேவைப்படும் கண் குறைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'அஸ்டிக்மாட்டிசம்' என்ற பெயரின் சுருக்கம் அது. பெயரிலேயே காரணம் இருக்கிறது. இரண்டு லென்ஸுக்கும் மேலே ஒரு கிடைக்கம்பி, அதில் ஸ்பிரிங். முன்னால் உள்ள குமிழ்களைப் பிடித்து இழுத்தால் லென்ஸ்கள் நேர்கோட்டில் விலகும், திரும்பாது. ஆகவே ஆக்சிஸ் கெடாது. மூக்கின் அகலத்துக்கேற்ப விரியவும் விரியும். சி-பிரிட்ஜின் இசைவும் ஹார்ட் பிரிட்ஜின் துல்லியமும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி.

கேட்பதற்கு இதுவே எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றும். நண்பர் ஒருவரிடம் இரண்டு மாதம் இரவல் வாங்கிப் போட்டேன். மூக்கு அகலமாக இருந்து ஹார்ட் பிரிட்ஜ் எதுவுமே பொருந்தாதவர்களுக்கு, சிலிண்டரும் இருந்தால், இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன். முன்பக்கம் கனமானது, குனிந்து படித்தால் மெதுவாக இறங்கும். நழுவும் கம்பிக்குள் வியர்வையும் தூசியும் போய் அடைத்துக்கொள்கின்றன. சென்னையின் ஏப்ரல் மாதத்தில் வாரம் ஒரு முறை துடைத்து, குச்சி முனையில் ஒரு துளி மெஷின் எண்ணெய் விட வேண்டியிருந்தது. லென்ஸ் மையங்களின் இடைவெளியும் மூக்கைப் பொறுத்தே அமையும் என்பதால், லென்ஸ் வெட்டுமுன் மூக்கில் ஏற்றி அளப்பதைத் தவிர்க்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டும் இன்றைய வகையும்

கைப்பிடி உள்ள பழைய மடக்குக் கண்ணாடியிலிருந்து பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டு. ஒரு பேராசிரியரின் கண்ணாடியில் கைப்பிடி உடைந்துபோக, அவர் அதை மூக்கிலேயே மாட்டிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். மேலே ஒரு ஸ்பிரிங் பட்டை இருக்கும். ஒரு லென்ஸின் மேல் இன்னொன்று மடிந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும், சட்டைப் பைக்குள் அடங்கும். விசையைத் தட்டினால் பட்டென்று விரிவது பார்க்கவே அழகு. ஆனால் அதிலும் லென்ஸின் சாய்வு ஸ்பிரிங்கைப் பொறுத்ததுதான், பிடியும் மற்ற வகைகள் அளவுக்கு உறுதி இல்லை. கடையில் விலைச்சீட்டும் ஓட்டலில் மெனுவும் பார்க்க நல்லது. மணிக்கணக்கில் படிக்க வேண்டாம்.

இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் தின்ஆப்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள், செல்போனின் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளும்படி அட்டை மாதிரி மெல்லிய கண்ணாடி விற்கின்றன. பாலிகார்பனேட் லென்ஸ், நடுவில் நிக்கல்-டைட்டானியம் கலவையில் ஒரு வில். வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும் உலோகம் அது. யோசித்துப் பார்த்தால் இது பழைய சி-பிரிட்ஜ்தான், உலோகம் மட்டும் புதிது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது, பி.டி. பொதுவான ஒரு அளவு. என் கண்ணுக்கு இது போதாது. ஆனாலும் எல்லோரும் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். உங்கள் மூக்கு கவ்வுதலைத் தாங்குமா என்பதைக் குறைந்த செலவில் தெரிந்துகொள்ள இதுவே வழி. இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பழைய ஜோடியைத் தேடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரிய செலவு மிச்சம்.

ஒற்றைக் கண் லென்ஸும் கையில் பிடிக்கும் கைப்பிடிக் கண்ணாடியும் இந்தப் போட்டிக்கே வரவில்லை. முதலாவது ஒரு கண்ணுக்குத்தான், இரண்டாவது ஒரு கையைச் சாப்பிட்டுவிடும்.

மூக்கு என்ன சொல்கிறது

"மூச்சு முட்டாதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. முட்டாது. பட்டைகள் உட்கார வேண்டிய இடம் மூக்கின் மேல்பாதி, கண்ணின் உள்முனைக்குப் பக்கத்தில் உள்ள எலும்பு. கீழே மிருதுவாக இருக்கும் பகுதியில் உட்கார்ந்தால் மூச்சும் முட்டும், கண்ணாடியும் விழும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மூக்கின் இருபுறமும் வைத்து மேலே நகர்த்துங்கள். ஓரிடத்தில் எலும்பு உள்வாங்கி விரல் தானாக நிற்கும். அங்கேதான் பட்டையும் நிற்க வேண்டும்.

முதல் வாரம் 20 நிமிடத்துக்கு மேல் போட வேண்டாம். சிவப்புத் தடம் விழுவது இயல்பு, அரை மணியில் மறைந்தால் கவலையில்லை. தோல் உரிந்தாலோ அரிப்பு வந்தாலோ நிறுத்திவிடுங்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் வெள்ளி நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் ஜோடிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜெர்மன் சில்வர் என்று எழுதியிருப்பதில் வெள்ளி இல்லை. செம்பு, துத்தநாகத்தோடு நிக்கல்தான் இருக்கிறது. முகத்தில் கிரீமும் வியர்வையும் இருக்கும்போது எந்தக் கவ்வுக் கண்ணாடியும் நிற்காது. மேசையில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்துவிட்டு மாட்டுகிறேன். ஃபேனுக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்கிறது. வண்டி ஓட்டவோ மாடிப்படி ஏறி இறங்கும் வேலைக்கோ இதை நம்பக் கூடாது.

வாங்கும்போது

உலோகத்தில் 1/10 12கே ஜி.எஃப். என்று பொறித்திருந்தால், அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு என்று அர்த்தம். மின்முலாம் போலச் சீக்கிரம் தேயாது, தினசரி உபயோகத்துக்கு மிக நல்லது. எஃகில் செய்தது மலிவு, நம் ஊர்க் காற்றுக்குத் துருப்பிடிக்கும். ஆமை ஓட்டில் செய்ததை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது அழுங்காமையின் ஓடு. அந்த ஆமை அழிவின் விளிம்பில் இருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சர்வதேச ஒப்பந்தமும் அதன் வியாபாரத்தைத் தடுக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் பிடிபடும்.

ஃபிரேம் உள்ளதா, ரிம்லெஸ்ஸா? ரிம்லெஸ் முகத்தில் தெரியவே தெரியாது, ஹார்ட் பிரிட்ஜில் அதிகம் கிடைப்பதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு லென்ஸும் ஒரே ஒரு திருகாணியில் நிற்கிறது. அது தளர்ந்தால் லென்ஸ் சுழலும், ஹார்ட் பிரிட்ஜுக்காகக் கொடுத்த பணம் வீண். ரிம்லெஸ் வாங்கினால் புது லென்ஸைப் பாலிகார்பனேட்டிலோ ட்ரைவெக்ஸிலோ போடச் சொல்லுங்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் துளையிட்ட இடத்தில் விரிசல் விடும். ஃபிரேம் உள்ளதில் சாதாரண பிளாஸ்டிக்கே போதும். கூடவே வரும் பழைய கண்ணாடி லென்ஸை எப்படியும் மாற்றிவிடுங்கள். பவர் உங்களுடையது அல்ல, உடைந்தால் கண்ணுக்கு ஆபத்து. பிளாஸ்டிக்கின் எடை கண்ணாடியில் பாதிதான் என்பதால் பிடியும் நன்றாக நிற்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் மேலிருந்து கீழாகப் பவர் மாறும் புரோகிரசிவ் லென்ஸ் போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். லென்ஸின் உயரம் போதாது, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ உட்காரும் கண்ணாடியில் அந்த லென்ஸ் வேலை செய்யாது.

கெட்டியான கூடு ஒன்றும் வாங்குங்கள். துணிப் பை போதாது, நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகள் முதல் அழுத்தத்திலேயே வளைந்துவிடும். 1912 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கியில் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சுட்டபோது, குண்டு அவர் சட்டைப் பையில் இருந்த எஃகுக் கண்ணாடிக் கூட்டையும் மடித்து வைத்திருந்த 50 பக்க உரையையும் துளைத்துத்தான் நெஞ்சுக்குப் போனது. அதனால் வேகம் குறைந்து உயிர் தப்பினார், அந்த நிலையிலேயே மேடையேறி ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். அந்தக் காலத்து எஃகுக் கூடுகள் இன்னும் கிடைக்கின்றன. என்னுடையதில் மூடி இன்றும் இறுக்கமாக மூடுகிறது.

கடைசியாகக் கயிறு. இது அலங்காரம் அல்ல, கண்ணாடி என்றைக்காவது ஒரு நாள் விழத்தான் போகிறது. காதில் மாட்டும் கொக்கிச் சங்கிலி ஒன்று உண்டு, காதைத் தவிர்க்க வந்த நமக்கு அது உதவாது. நியூயார்க்கின் கெச்சம் அண்ட் மெக்டூகல் செய்த, சட்டையில் குத்திக்கொள்ளும் சுருள்டப்பி அழகான பொருள். கண்ணாடியை விட்டால் சங்கிலி தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த இழுப்பு விசை கண்ணாடியையும் லேசாகக் கீழே இழுக்கும், ஹார்ட் பிரிட்ஜ் அதைத் தாங்கும், சி-பிரிட்ஜ் தாங்காது. நான் மெல்லிய கறுப்புப் பட்டுக் கயிற்றையே வைத்திருக்கிறேன். சட்டையின் இரண்டாம் பொத்தானில் ஒரு முடிச்சு, மறுமுனை வலது லென்ஸ் ஓரத்தில் உள்ள வளையத்தில். நீளத்தை நின்றுகொண்டு அளக்காதீர்கள். வேலை செய்யும் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து படிக்கும் நிலையில், கண்ணாடி நழுவினால் மேசை விளிம்பில் இடிக்காமல் வயிற்றுக்கு மேலேயே நிற்கும்படி அளந்து வெட்டுங்கள்.